கோடியக்கரைக் காடு: மான் பார்க்கப் போகிறவர்கள் தவறவிடும் மரங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி வந்து சட்டென்று மேற்கே திரும்பும் மூலையில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது கோடியக்கரை. அங்குள்ள வனவிலங்கு சரணாலயத்துக்கு நான் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை மார்கழியில், ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில், முன்பின் அறியாத பன்னிரண்டு பேருடன் போனேன். இரண்டாம் முறை வைகாசியில், நானும் என் தங்கையும் மட்டும் போய், காலையில் நுழைந்து பொழுது சாயும் வரை இருந்தோம். முதல் பயணம் முடிந்த கையோடு யாராவது கேட்டிருந்தால், பறவைகள் நிறைய வருகின்றன, ஒரு முறை போகலாம் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். இப்போது கேட்டால், தமிழ்நாட்டின் சமவெளியில் மரங்களையும் செடிகொடிகளையும் பார்ப்பதற்கென்றே போக வேண்டிய இடங்களில் முதலாவதாக இதைத்தான் சொல்வேன். காடு அதே காடுதான். அதைப் பார்த்த விதம் வேறு. போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இரண்டு பயணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தச் சுற்றுலா ஏற்பாட்டில் கோடியக்கரைக்கு ஒதுக்கியிருந்த நேரம் இரண்டரை மணி. வேளாங்கண்ணி, வேதாரண்யம் கோயில், அதற்குப் பிறகு இங்கே, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். சோதனைச் சாவடியைத் தாண்டிய பிறகும் வேனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டதும் ஒலியைக் குறைத்தார்களே தவிர நிறுத்தவில்லை. சாலையின் இருபுறமும் நெருங்கி நின்ற மரங்களைக் காட்டி இவையெல்லாம் என்ன மரங்கள் என்று கேட்டபோது, உடன் வந்த வழிகாட்டி, "இதெல்லாம் வெறும் புதர்க்காடுங்க, மான் நிற்கிற இடம் இன்னும் முன்னாலே இருக்கு" என்றார். மான்களைப் பார்த்தோம். உப்பு நீர்ப்பரப்பின் அக்கரையில் பூநாரைகள் வெள்ளைக் கோடு போலத் தெரிந்தன. படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். கொடுத்த பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால், 'வெறும் புதர்க்காடு' என்ற சொல் வீடு வந்து சேர்ந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் வேனின் கண்ணாடி வழியாக நான் பார்த்த இலைகள், மார்கழி வெயிலில் எண்ணெய் தடவியது போல மின்னின; நம் ஊர்ப் புறம்போக்கில் வளரும் புதர்களுக்கு அப்படிப்பட்ட இலைகள் இருப்பதில்லை.

தேடிப் படித்த பிறகுதான் விவரம் புரிந்தது. தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்தும் அரிதான காட்டில், சோழமண்டலக் கரையோரம் எஞ்சியிருக்கும் பெரிய பகுதிகளில் ஒன்று இது. மற்ற இடங்களில், குறிப்பாகப் புதுச்சேரி, கடலூர், புதுக்கோட்டை வட்டாரங்களில், இந்த வகைக் காடு பெரும்பாலும் ஐயனார் கோயில்களைச் சுற்றியுள்ள கோயில் காடுகளாக, ஏக்கர் கணக்கில் எண்ணிவிடக்கூடிய சிறு துண்டுகளாகத்தான் பிழைத்திருக்கிறது. இந்தக் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கும் மேல் வறட்சிதான். இப்படிப்பட்ட இடங்களில் மரங்கள் கோடையில் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருப்பதே வழக்கமாக இருக்க, இங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை இலையை உதிர்ப்பதில்லை. தோல் போலத் தடித்த சிறிய இலைகளை ஆண்டு முழுவதும் தாங்கிக்கொண்டு, ஈரத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு, மிக மெதுவாக வளர்கின்றன. மேலே ஓங்கி வளராமல் கிளைபரப்பி நெருங்கி நிற்பதால், போகிற வேகத்தில் பார்க்கும் கண்ணுக்குப் புதராகத் தோன்றுகிறது. இடுப்பளவு தடித்த அடிமரம் கொண்ட, நம் கொள்ளுத் தாத்தாவுக்கும் மூத்த மரம்கூட இங்கே ஓர் ஓட்டு வீட்டின் முகட்டைவிடச் சற்றே உயரமாக இருக்கும், அவ்வளவுதான்.

வெளிமான்களைக் காப்பதற்காக 1967-ஆம் ஆண்டு இந்தக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் இதை ஒட்டிய பெரும் சதுப்பு நிலமும் தலைஞாயிறு காப்புக்காடும் சேர்க்கப்பட்டன. 2002-இல் 38,500 ஹெக்டேர் பரப்பு, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் பட்டியலில் ஏற்கப்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டின் ஒரே ராம்சார் தலமாக இருந்தது. மானுக்காகவும் பறவைக்காகவும் கிடைத்த பாதுகாப்பில் மரங்களும் பிழைத்துக்கொண்டன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பூக்கும் தாவரங்கள் மட்டும் 350 வகைக்கு மேல் இங்கே பதிவாகியுள்ளன என்பதையும், அவற்றில் பாதியளவு நம் மருத்துவத்தில் பயன்படுபவை என்பதையும் இங்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

இரண்டாம் முறை நாங்கள் வேதாரண்யத்தில் இரவு தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். வனத்துறையிடம் அனுமதி பெற்று, துணைக்கு வேட்டைத்தடுப்புக் காவலர் ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். காட்டை ஒட்டிய கோடியக்காடு கிராமத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மான் வேண்டாம், மரங்களைக் காட்டுங்கள் என்று நாங்கள் சொன்னதும் அவருடைய நடையே மாறிவிட்டது. சாலையை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடந்தவர், கரிய மரம் ஒன்றின் முன் நின்று, "அம்மா, இந்தக் காட்டுக்கு இதுதான் பெரியவர். முதல்லே இவரைப் பார்த்துட்டு அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்" என்றார்.

அது பாலை மரம். தமிழில் பாலை என்ற பெயரைத் தாங்கிய மரங்கள் பல உண்டு. வெட்பாலை வேறு, ஏழிலைப்பாலை வேறு. இது உலக்கைப்பாலை. பெயர் சொல்வது போலவே, உலக்கைக்கும் செக்குக்கும் ஏற்ற, தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான வயிரம் பாய்ந்த மரம். பட்டை கருஞ்சாம்பல் நிறத்தில், உழுத வயல் காய்ந்து வெடித்தது போல ஆழமான பிளவுகளோடு இருந்தது. விரல் நுனியை ஒரு பிளவுக்குள் வைத்தபோது முதல் கணு வரை உள்ளே போனது. இலைகள் கிளை நுனியில் கொத்தாக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் இலையின் நுனியும் கூர்மையாக முடியாமல், நகத்தால் கிள்ளி எடுத்தது போல ஒரு சிறு பள்ளத்தோடு முடிகிறது. இந்த அடையாளத்தைக் கற்றுக்கொண்ட பிறகு, அன்று முழுவதும் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாலையை நாங்களே கண்டுபிடித்தோம்.

வைகாசி, பாலை பழுக்கும் பருவம். மரத்தடி மணலில், வேப்பம்பழத்தைவிடச் சற்றே பெரிய மஞ்சள் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. மேலே குரங்குகள் தின்று, பாதியைக் கீழே போட்டுக்கொண்டிருந்தன. சரணாலயத்துக்குள் எதையும் பறிக்கக் கூடாது என்பதால், குரங்கு கடித்துப் போட்ட ஒரு பழத்தைக் காவலர் பிளந்து காட்டினார். உள்ளே சப்போட்டாவை நினைவூட்டும் சதை. அதன் நடுவில், மெருகேற்றியது போலப் பளபளக்கும் செம்பழுப்பு விதை ஒன்று. நினைவூட்டுவதில் வியப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பம். நாற்றங்கால்களில் சப்போட்டா ஒட்டுக் கட்டுவதற்கு வேர்ச்செடியாகப் பயன்படுவது இந்தப் பாலைக் கன்றுதான். ஆக, நம் வீட்டுத் தோட்டத்தில் காய்க்கும் ஒட்டுச் சப்போட்டாவின் மண்ணுக்கு அடியில் இருக்கும் பாதி மரம் பெரும்பாலும் இந்தக் காட்டின் உறவாக இருக்கும். "சின்ன வயசிலே மடி நிறையப் பொறுக்கித் தின்னுவோம். பால் உதட்டிலே ஒட்டிக்கும், தண்ணிக்குப் போகாது, எண்ணெய் தடவினாத்தான் போகும்" என்று காவலர் சொன்னபோது, என் தங்கை, யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி வட இலங்கையின் வன்னிப் பகுதிப் பாலைப்பழத்தைப் பற்றி இதே சொற்களில் சொன்னதை நினைவுகூர்ந்தாள். நீரிணைக்கு அக்கரையில் இலங்கையின் உலர்காடுகளிலும் பாலையே பெருமரம். அங்கே பாலைப்பழக் காலத்தில் கரடிகள் மரமேறித் தின்னும். இக்கரையில் கரடி இல்லை. குரங்கும் சின்னான் குருவிகளும் நரியும் அந்த வேலையைச் செய்கின்றன.

முதிர்ந்த பாலைகளில் பொந்துகள் அதிகம். அவற்றில் ஒன்றின் வாயில் புள்ளி ஆந்தை ஒன்று பட்டப்பகலில் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த கணத்தில் எனக்குச் சுந்தரர் நினைவுக்கு வந்தார். கோடியக்காட்டில் இருக்கும் குழகர் கோயிலுக்கு வந்த அவர், கடற்காற்று வீசி அடிக்கும் இந்தக் கரையில், பக்கத்தில் ஒரு குடியிருப்பும் இல்லாமல், பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் காட்டில் ஏன் தனியாக இருக்கிறாய் என்று இறைவனிடம் வருந்திக் கேட்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தத் தேவாரப் பதிகத்தில் இருக்கும் காடு, அதன் பொந்துகளோடும் ஆந்தைகளோடும் இன்றும் கண் முன்னால் நிற்கிறது. பக்கத்து ஊரான வேதாரண்யத்தின் பழைய பெயரே திருமறைக்காடு. காடு என்பது இந்த வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களில் வெறும் அலங்காரமாக வந்து ஒட்டிக்கொண்ட சொல் இல்லை.

பாலையின் நிழலில் நிற்கும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எலுமிச்சை மணம் வீசும் இலையோடு காட்டெலுமிச்சை என்று ஊரில் அழைக்கப்படும் குருந்து, அங்கங்கே முள்ளோடு நின்றது. ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் குருவைக் கண்ட குருந்தமரத்தைச் சிற்பமாக மட்டுமே பார்த்திருந்த எனக்கு, அதை வேரோடும் இலையோடும் காண்பது புதிது. திருமாலின் நிறத்துக்கு உவமையாகக் கேட்டே பழகிய காயாவும் இருந்தது. அதன் பூங்கொத்துகள் இலைகளுக்கு நடுவே பூக்காமல், இலையற்ற பழைய கணுக்களில், மரக்கொம்பையே நீலம் தோய்த்தது போல ஒட்டிக்கொண்டு பூக்கின்றன. பருவம் முடியும் தறுவாயில் நாங்கள் போனதால் இரண்டு மூன்று கொத்துகளே மிஞ்சியிருந்தன. ஆயினும் அந்த நீலத்தைக் கண்ட பிறகு, காயாம்பூ வண்ணன் என்று பாடியவர்கள் எந்த நிறத்தை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இவை தவிர, வீரை, நாவல், கொன்றை, மாவிலங்கம், அடர்ந்த வேலி போலப் பின்னிக்கிடந்த களா, சூரை, கணுவுக்கு நான்கு முள்ளாகத் தவறாமல் வைத்திருக்கும் சங்கஞ்செடி, அவற்றின் மேல் ஏறிப் படர்ந்த பிரண்டை. கடையில் கட்டாக வாங்கித் துவையலுக்கு நறுக்கும் பிரண்டை, நாற்கோணத் தண்டோடு மரத்தின் உச்சி வரை ஏறித் தொங்குவதைப் பார்த்து என் தங்கை சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டாள்.

கடலை நோக்கி நடக்க நடக்க மரங்கள் குள்ளமாகின்றன. கடைசி வரிசை மரங்களின் தலைகள் உப்புக்காற்று சீவிவிட்டது போலக் கரைப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அங்கேதான் உகா மரத்தைக் கண்டோம். சங்கப் பாடல்களில் உகாய் என்று வருவது இதுவே. பல் துலக்கும் குச்சிக்காக இன்று மிஸ்வாக் என்ற பெயரில் நாடெங்கும் விற்கப்படுவதும் இதே மரத்தின் வேரும் கொம்பும்தான். இதன் அடிமரத்தைப் புறாவின் முதுகோடு ஒப்பிட்ட புலவரின் வரி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மனப்பாடம். வெறும் நிற ஒப்புமை என்றுதான் அதை எண்ணியிருந்தேன். மரத்தருகே குனிந்து பார்த்தபோது, வெளிறிய சாம்பல் பட்டையில் சற்றே கருத்த வரிகள் மடிந்து மடிந்து ஓடி, சிறகு மடக்கி அமர்ந்த பறவையின் முதுகு போலவே இருந்தது.

மணல்மேட்டில் இன்னொரு பழம்பாடலும் அப்படியே மெய்யாயிற்று. மானின் குளம்பு போன்ற பிளவுபட்ட இலை என்று அடம்பங்கொடியைச் சொல்வார்கள். கோடியக்கரையின் மணலில், ஊதா நிறப் பூக்களோடு படர்ந்திருந்த அடம்பின் ஓரமாக, விடியற்காலையில் வெளிமான்கள் நடந்துபோன தடங்கள் கலையாமல் இருந்தன. ஓர் இலையும் ஒரு தடமும் அரைச் சாண் இடைவெளியில் அருகருகே கிடந்தன. நடுவில் பிளந்து, இரு பக்கமும் வளைந்து, ஒரே வார்ப்பில் செய்தது போன்ற உருவம். அளவுகூட ஏறக்குறைய ஒன்றே. அந்த உவமையைச் சொன்னவர் இப்படிப்பட்ட ஒரு கரையில்தான் நின்றிருக்க வேண்டும். பக்கத்தில் இராவணன் மீசைப் புல்லின் காய்ந்த கதிர்க்கோளங்கள் காற்றில் சக்கரம் போல உருண்டோடிக்கொண்டிருந்தன. உருளும் வழியெல்லாம் விதையை உதிர்த்து மணலைப் பிடித்து நிறுத்தும் வேலையை இந்தப் புல்லும் அடம்பும் சேர்ந்து செய்கின்றன. அதற்கும் அப்பால் சதுப்பு, உமரிச் செடிகள், அலையாத்தி. அந்தப் பகுதியை நாங்கள் தொலைவிலிருந்து மட்டும் பார்த்தோம்.

இந்தக் காட்டின் மதிப்பை எழுதும்போது அதன் நோயையும் எழுதத்தான் வேண்டும். சீமைக்கருவேல் பல இடங்களில் உள்ளே வந்துவிட்டது. வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. புல்வெளியில் சீமைக்கருவேல் முளைத்து அடைத்துக்கொண்டால், மேய்ச்சலும் போகிறது, ஓடுவதற்கான வெளியும் போகிறது. முன்பு எப்போதோ கைவிடப்பட்டுக் காட்டிலேயே பெருகிவிட்ட குதிரைகள் இங்கே உண்டு. அவையும் புள்ளிமான்களும் சீமைக்கருவேலின் இனிப்பான நெற்றுகளை விரும்பித் தின்கின்றன. விதைகள் சாணத்தோடு புதிய இடங்களில் விழுந்து, எருவும் ஈரமும் கிடைத்து முளைக்கின்றன. காய்ந்த குதிரைச் சாண உருண்டை ஒன்றைக் காவலர் குச்சியால் உடைத்தபோது உள்ளே எண்ணிப் பார்த்தோம். பதினேழு விதைகள் இருந்தன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் மரம் என்பதால், வேரோடு பிடுங்கி, அடுத்த சில ஆண்டுகள் முளைப்பதையெல்லாம் தொடர்ந்து களைந்தால் மட்டுமே பலன் உண்டு. அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அது இந்தக் காட்டில் முழுமையாக நிறைவேற வேண்டும் என்பது என் மனமார்ந்த விருப்பம்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னையையும் மாவையும் அடியோடு சாய்த்தது எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குள்ளும் ஏராளமான மரங்கள் விழுந்தன, மான்களும் குதிரைகளும் மாண்டன. விழுந்தவற்றில் சில இன்றும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. அவற்றுள் ஒரு பாலையை நான் மறக்க மாட்டேன். வேர்த்தட்டின் பாதி மண்ணுக்கு மேலே பெயர்ந்து நிற்க, மரம் முழுவதும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நான் அதைச் செத்த மரம் என்று எண்ணித் தாண்டப் போனேன். காவலர் தடுத்து, மண்ணில் புதைந்திருந்த மறு பாதி வேரைக் காட்டினார். படுத்த அடிமரத்தின் முதுகிலிருந்து வரிசையாக ஏழெட்டுக் கொம்புகள் நேராக வானத்தை நோக்கி எழுந்து, ஒவ்வொன்றும் என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. நுனியில் பள்ளம் விழுந்த அதே இலைகள். ஒரு கொம்பில் பழமும் இருந்தது.

இனிப் போக நினைப்பவர்களுக்கு நடைமுறைச் செய்திகள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரையிலான பாதை அகலப்பாதையாகி 2023-இல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. அங்கிறங்கி ஆட்டோவில் போகலாம். நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்துகள் உண்டு. வழியில் உப்பளங்களும், 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவுத்தூணும் இருக்கின்றன. ஒரு பத்து நிமிடம் நிற்கலாம். காட்டுக்குள் கடைகள் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும், காலிப் புட்டிகள் உங்களோடே திரும்பி வரட்டும். குரங்குகள் கையிலுள்ள பையைப் பறிக்கும் அளவுக்குப் பழகிவிட்டதற்குக் காரணம் நாம்தான். பிஸ்கட்டை நீட்டும் ஒவ்வொரு பயணியும், பாலைப்பழம் தின்று விதையைப் பரப்ப வேண்டிய விலங்கைச் சாலையோரம் கட்டிப்போடுகிறார். கட்டணமும் அனுமதிக்கும் நேரமும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் சுற்றுவதற்கு மட்டும் அனுமதி கேட்காமல், நடந்து பார்க்க விரும்புகிறோம், மரம் தெரிந்த ஒருவர் துணைக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் பெற்ற பயனில் முக்கால் பங்கு அந்த மனிதரின் அறிவிலிருந்து வந்தது. முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் கட்டாயம். களாவும் சூரையும் சேலையைச் சும்மா விடாது.

எந்தப் பருவத்தில் போவது என்பது எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பறவைகளுக்கு கார்த்திகையிலிருந்து தை வரை. பாலைப்பழத்துக்கும் வெளிமானுக்கும் வைகாசி, ஆனி. வெயில் கடுமையாக இருந்தாலும், மரத்தடியில் நிற்கும்போது அது அவ்வளவாக உறைக்கவில்லை என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது. மழை தொடங்கிய பிறகு கொடிகளும் பூண்டுகளும் தழைக்கும். செங்காந்தள் பூப்பதும் அப்போதுதான். நம் மாநில மலரான அதைக் கண்வலிக்கிழங்கு என்று சொன்னால் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அழகுக்காகக் குழந்தைகள் தொட்டு விளையாட விட வேண்டாம், கிழங்கு முதல் விதை வரை நஞ்சு.

ஒரு மணி நேரத்தில் பெரிய விலங்கு ஏதாவது கண்ணில் பட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும், கொடைக்கானல் போல ஓங்கிய மரங்களும் குளிரும் தேடுபவர்களுக்கும் இந்த இடம் ஏமாற்றமளிக்கலாம். நடக்க இயலாத முதியவர்களை அழைத்துப் போவதென்றால், வண்டி போகும் சாலையோரத்திலேயே நல்ல பாலைகள் சில இருக்கின்றன. நிறுத்தி இறங்கி ஒன்றையாவது தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். சென்னையில் இருப்பவர்கள், அவ்வளவு தூரம் போகும் முன் கிண்டி தேசியப் பூங்காவில் இதே வகைக் காட்டின் ஒரு பகுதியைப் பார்த்துப் பழகிக்கொண்டால், கோடியக்கரையில் பல செடிகளை அடையாளம் காண்பது எளிதாகும்.

நான்கு இலை, நாலு விதை என்று எதையும் அங்கிருந்து கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு, ஆரோவில் வட்டாரத்து நாற்றங்கால்களில் இந்தக் கடலோரக் காட்டின் மரக்கன்றுகளை வளர்த்துத் தருகிறார்கள். நான் போன ஆடியில் ஒரு பாலைக் கன்று வாங்கி வந்து, மாடியில் வைக்காமல், எங்கள் கிராமத்து வீட்டின் கொல்லையில் கிணற்றடிக்குத் தள்ளி நட்டேன். இதுவரை நான்கு விரற்கடை வளர்ந்திருக்கிறது. இலை ஐந்து, ஐந்தின் நுனியிலும் அந்தப் பள்ளம் இருக்கிறது.